நீரில் ஒலியின் வேகம்: 1435, 1482, 1497, 1500. எதை நம்புவது?

கேள்வி: மார்ச் 2, மாலை 6.20

எம்.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு படிக்கிறேன். மீயொலி இன்டர்ஃபெரோமீட்டர் (திரவத்தில் மீயொலியின் அலைநீளத்தை அளந்து வேகம் காணும் கருவி) செய்முறையில் நீருக்கு வினாடிக்கு 1509 மீட்டர் கிடைத்தது. ஆசிரியர் 1482தான் சரியான மதிப்பு என்று சொல்லி, பிழை 1.8 சதவீதம் என்று எழுதவைத்தார். விடுதிக்கு வந்து தேடினால் ஒரு புத்தகத்தில் 1435, இன்னொன்றில் 1497, வேறொன்றில் வெறும் 1500. நம்பத்தகுந்த மதிப்பு எங்கே கிடைக்கும்?

மார்ச் 2, இரவு 9.50

நான்கில் மூன்று சரி. 1500 மட்டும் சோம்பேறி எண். மனக்கணக்குக்கு வசதியாக யாரோ முழுதாக்கிவிட்டார்கள். 1482 என்பது 20 டிகிரி நீருக்கு. 1497 என்பது 25 டிகிரிக்கு. 1435 என்பது ஒரு ஏரியில் 8 டிகிரியில் அளந்தது. உங்கள் ஆசிரியர் எண்ணைப் பிடித்துக்கொண்டு டிகிரியைக் கைவிட்டுவிட்டார். உங்கள் நீர் எத்தனை டிகிரி? அதைச் சொல்லாமல் பிழைச் சதவீதம் பேசுவது, போகும் ஊரைச் சொல்லாமல் டிக்கெட் கேட்பது போல.

மார்ச் 2, இரவு 10.30

1435 எனக்குப் பிடித்த அளவீடு, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். 1826இல் கொலாடோன், ஸ்டர்ம் இருவரும் ஜெனீவா ஏரியில் செய்தது. ஒரு கரையில் ரோல், எதிர்க்கரையில் தோனோன். ரோல் பக்கத்துப் படகிலிருந்து நீருக்குள் ஒரு மணி தொங்கும். மணியை அடிக்கும் அதே கணத்தில் மேலே வெடிமருந்து பற்றிக்கொள்ளும். தோனோன் பக்கத்தில் கொலாடோன் நீருக்குள் ஒரு குழாயை இறக்கி, மறுமுனையில் காதை வைத்துக்கொண்டு, வெளிச்சத்துக்கும் ஓசைக்கும் இடைப்பட்ட நேரத்தை எடுத்தார். தொலைவு 13,487 மீட்டர். நேரம் 9.4 வினாடி. வகுத்துப் பாருங்கள்.

இன்றைய சமன்பாடு 8 டிகிரி தூய நீருக்கு 1439 தருகிறது. இரவில், படகில் உட்கார்ந்து, கைக்கடிகாரக் காலத்துக்கும் முன்னால் எடுத்த அளவீட்டில் நான்கே மீட்டர்தான் வித்தியாசம்! மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டுக்கொண்டு நான் இதைவிட மோசமாக அளந்திருக்கிறேன்.

பாவம், 8 டிகிரி என்ற அடையாளத்தைத் தொலைத்துவிட்டு அந்த 1435 மட்டும் புத்தகம் புத்தகமாக அலைகிறது.

மார்ச் 3, காலை 7.10

30 டிகிரி என்று பதில் வந்திருக்கிறது. பதிவேட்டில் 'அறை வெப்பநிலை' என்றுதான் எழுதினார்களாம். அறையை யார் கேட்டார்கள்? கலத்துக்குள் இருக்கும் நீரின் வெப்பநிலை வேண்டும். சரி, 30 என்றே வைத்துக்கொள்வோம். என் விரிதாளில் 30 போட்டால் 1511.5 வருகிறது. ஆக, நீங்கள் 27 மீட்டர் கூடுதலாக அளக்கவில்லை, இரண்டரை மீட்டர் குறைவாக அளந்திருக்கிறீர்கள். இந்தப் பகுதியில் ஒரு டிகிரிக்கு 2.3 மீட்டர் ஏறும். நீர் உண்மையில் 29 டிகிரியில் இருந்திருந்தால் கணக்கு முடிந்துவிடும். வெப்பமானியைப் பாருங்கள், தம்பி.

மார்ச் 3, காலை 7.25

பஸ்ஸுக்கு நேரமாகிறது, ஒன்று மட்டும். ஒலியை எழுப்பும் படிகம் 2 மெகாஹெர்ட்ஸ். 30 டிகிரி நீரில் அலைநீளம் முக்கால் மில்லிமீட்டர், எதிரொலிக்கும் தட்டை நகர்த்தும்போது மீட்டர் முள் தொடும் உச்சத்துக்கு உச்சம் அதில் பாதி. 20 உச்சங்கள் எண்ணினால் மைக்ரோமீட்டர் நகர்வது ஏறக்குறைய 7.55 மில்லிமீட்டர். அதில் 0.01 மில்லிமீட்டர் தவறாகப் படித்தாலே வேகத்தில் 2 மீட்டர் போய்விடும். அதோடு, படிகத்தின் மேல் 2 என்று எழுதியிருப்பதால் அது 2 ஆகிவிடாது. அதிர்வெண் எண்ணியை இணைத்துப் பாருங்கள். 1.99 இருந்தால் ஏழரை மீட்டர் பிழை, நீங்கள் எவ்வளவு கவனமாகத் திருகினாலும் போகாது.

மார்ச் 3, இரவு 10.05

'அந்த விரிதாளுக்கு எண் எங்கிருந்து வந்தது?' என்று கேட்டிருக்கிறார். இந்த இழையில் இதுவரை வந்த நல்ல கேள்வி இதுதான்.

தூய நீருக்கு வேர் 1972இல் டெல் கிராசோ, மேடர் இருவரும் வெளியிட்ட அளவீடு. 0 முதல் 95 டிகிரி வரை 148 புள்ளிகள், அவற்றின் ஊடே ஓர் ஐந்தாம்படிச் சமன்பாடு. வளிமண்டல அழுத்தத்தில்:

வேகம் = 1402.388 + 5.03711 வெ − 0.0580852 வெ² + 0.000334199 வெ³ − 0.00000147800 வெ⁴ + 0.00000000314643 வெ⁵

வெ என்பது டிகிரி செல்சியஸ், வேகம் வினாடிக்கு மீட்டரில். தம்முடைய ஐயப்பாடு 0.015 மீட்டர் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். 1500இல் 0.015, அதாவது இலட்சத்தில் ஒரு பங்கு! நம் கல்லூரி ஆய்வகங்களுக்கு இந்தத் துல்லியம் தேவையே இல்லை. ஆனால் ஒப்பிடும் கோல் நம் கையிலுள்ள கோலைவிட நேராக இருக்க வேண்டும் அல்லவா?

மார்ச் 4, அதிகாலை 5.40

தூக்கம் கலைந்துவிட்டது. தம்பி நேற்றிரவு நான் எழுதிய சமன்பாட்டிலேயே 30ஐப் போட்டுக் கையால் கணக்கிட்டு அனுப்பியிருக்கிறார்: 1509.1. என் விரிதாள் சொன்னது 1511.5. அவர் மரியாதையாக, 'நான் எங்கே தவறு செய்தேன் என்று தெரியவில்லை' என்கிறார்.

தவறு என்னுடையது. விரிதாளைத் திறந்து ஒவ்வொரு உறுப்பாகப் பார்த்தேன். நான்காம்படி உறுப்புக்கு முன்னால் கழித்தல் இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல். பல ஆண்டுகளாக அப்படியே இருந்திருக்கிறது.

ஏன் தெரியவில்லை? அந்தத் தாளைத் தயாரித்த அன்று 10 டிகிரியில் மட்டும் சரிபார்த்தேன். 10 டிகிரியில் இந்தக் குறிப்பிழையால் வரும் மாற்றம் வெறும் 0.03 மீட்டர். 30இல் அது 2.4 ஆகிறது, 35இல் 4.4. நான் குளிரில் சரிபார்த்துவிட்டு வெயிலில் பயன்படுத்தியிருக்கிறேன்.

ஆகவே 29 டிகிரிக் கதையைத் திரும்பப் பெறுகிறேன். நீங்கள் அளந்தது 1509, சமன்பாடு சொல்வது 1509.1. உங்கள் வெப்பமானியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மார்ச் 4, காலை 6.15

இதையும் எழுதிவிடுகிறேன். சமன்பாட்டைத் தட்டெழுதியவுடன் மூன்று இடங்களில் சரிபாருங்கள்: 20 டிகிரிக்கு 1482.34, 25க்கு 1496.69, 74க்கு 1555.15. கடைசியைக் கட்டாயம் பாருங்கள். நீரில் வேகம் 74 டிகிரி வரை ஏறி, அங்கே உச்சம் தொட்டு, பிறகு இறங்கும். உங்கள் தாள் 90இல் 80ஐவிடக் கூடுதலாகக் காட்டினால் எங்கோ ஒரு குறி புரண்டிருக்கிறது. என் தாள் அப்படித்தான் காட்டிக்கொண்டிருந்தது, நான்தான் 90 வரை போய்ப் பார்க்கவில்லை. மற்ற திரவங்கள் பெரும்பாலும் சூடானால் வேகம் குறையும். ஏறுவது நீரின் தனிக்குணம்.

மார்ச் 5, இரவு 9.20

'ஒவ்வொரு திரவத்துக்கும் ஒரு சமன்பாடு தேடித் திரிய வேண்டுமா?' வேண்டாம். அமெரிக்காவின் என்ஐஎஸ்டி நடத்தும் வேதியியல் வெப்புக் இணையத்தில் இலவசம். திரவத்தைத் தேர்ந்து, அழுத்தமும் வெப்பநிலையும் கொடுத்தால், அடர்த்தி, வெப்பக் கொள்ளளவு இவற்றோடு ஒலியின் வேகத்துக்கும் ஒரு பத்தி வரும். அவர்களுடைய ரெஃப்ப்ராப் மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டும். காசில்லாதவர்களுக்குக் கூல்ப்ராப் இருக்கிறது, திறந்த மூலம். இவை எண்களை அட்டவணையிலிருந்து எடுப்பதில்லை. நிலைச் சமன்பாட்டிலிருந்து, அதாவது அழுத்தம், வெப்பநிலை, அடர்த்தி இவற்றை இணைக்கும் சமன்பாட்டிலிருந்து, கணக்கிடுகின்றன. நீருக்கு அது ஐஏபிடபிள்யூஎஸ்-95 எனப்படும் பன்னாட்டு ஒப்புதல் பெற்ற சமன்பாடு.

என் பழைய மாணவர் ஒருவர் இதைக் கண்டுபிடித்த அன்று துள்ளிக் குதித்தார். 'ஐயா, நிலைச் சமன்பாடும் டெல் கிராசோவும் அச்சாகப் பொருந்துகின்றன, இரண்டு தனித்தனிச் சான்றுகள்!' என்றார். இல்லை. அந்த நிலைச் சமன்பாட்டைப் பொருத்துவதற்குப் பயன்பட்ட அளவீடுகளில் டெல் கிராசோவின் அளவீடும் ஒன்று. ஒரே கிணற்றில் இரண்டு குடம் மொண்டு, இரண்டும் ஒரே சுவை என்று வியந்தார் அவர்.

மார்ச் 6, இரவு 11.45

கிணற்றைப் பற்றிப் பேசியதும் எத்தனால் நினைவுக்கு வந்துவிட்டது. இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மணி நேரமாக யோசித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது, எழுதுகிறேன்.

நான் எம்.எஸ்சி. படித்தபோது என் பங்குக்கு வந்த திரவம் எத்தனால். 29 டிகிரி. இருபது உச்சங்களுக்கு 5.66 மில்லிமீட்டர். கணக்கிட்டால் 1132. நூலகத்தில் இருந்த பெரிய கையேட்டில் 25 டிகிரிக்கு 1207, டிகிரிக்கு 4 குறையும் என்று போட்டிருந்தது. அதன்படி எனக்கு 1191 வர வேண்டும். 59 மீட்டர் குறைகிறது! மூன்று முறை திரும்ப அளந்தேன். மூன்று முறையும் 1130ஐச் சுற்றியே வந்தது. மறுநாள் தேர்வாளர் வருகிறார். என்ன செய்தேன் தெரியுமா? 5.66ஐ 5.95 ஆக்கினேன். இடையிலிருந்த உச்சங்களின் அளவுகளையும் அதற்கேற்ப நீட்டி எழுதினேன். 1190. பதிவேடு பளிச்சென்று இருந்தது. முழு மதிப்பெண்.

பல ஆண்டுகள் கழித்து, திரவக் கலவைகளில் ஒலி வேகம் பற்றி ஒருவர் எழுதிய ஆய்வேட்டைத் திருத்தும் வேலை வந்தது. நம் பல்கலைக்கழகங்களில் இந்தத் தலைப்பில் ஆய்வேடுகளுக்குப் பஞ்சமே இல்லை. அதில் தூய எத்தனாலுக்கு 25 டிகிரியில் 1144 என்றிருந்தது. பிழை என்று சிவப்பு மையால் வட்டமிட்டேன். பிறகு அவர் காட்டிய கட்டுரைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். வெவ்வேறு நாடுகள், வெவ்வேறு கருவிகள், எல்லாரும் 1143, 1144. டிகிரிக்கு 3.4 குறைவு. என் 29 டிகிரிக்கு 1130 வர வேண்டும். எனக்கு வந்ததோ 1132.

நான் சரியாக அளந்து, தவறாக எழுதியிருக்கிறேன்.

அந்த 1207ஐ இன்று தேடினாலும் பத்துப் பக்கங்களில் கிடைக்கும். பத்தும் ஒரே அட்டவணையின் நகல். டிகிரிக்கு 4 என்பதுவரை அப்படியே இருக்கும். எத்தனாலோடு நீர் சேர்ந்தால் வேகம் ஏறும், ஒரு கட்டத்தில் நீரின் வேகத்தையே தாண்டும். திறந்த பாட்டில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த எண்ணைத் தந்த பாட்டிலும் ஈரம் குடித்ததாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம்.

மார்ச் 7, காலை 7.00

இரவு எழுதியதைப் படித்தேன். அழிக்கவில்லை. ஆறுதல் சொன்ன இரண்டு பேருக்கு நன்றி. 'சார், நியூட்டனே செய்தார்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மைதான். காற்றில் ஒலியின் வேகம் கணக்குப்படி வினாடிக்கு 979 அடி வந்தது, அளந்தவர்கள் 1142 என்றார்கள். காற்றிலுள்ள திடத்துகள்களின் பருமன், நீராவி என்று காரணங்களைச் சேர்த்து 1142க்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டார். ஒலி போகும்போது காற்று அழுந்திச் சூடாவதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. லாப்லாஸ் வந்து 1816இல் அதைச் சரிசெய்தார். ஆனால் நியூட்டன் கோட்பாட்டைத்தான் வளைத்தார், அளவீட்டைத் தொடவில்லை. நான் அளவீட்டையே வளைத்தேன்.

மார்ச் 8, இரவு 8.30

டெல் கிராசோ சமன்பாட்டை அப்படியே கொடுத்தேன், ஒரு சிறு துணுக்கு விட்டுப்போயிற்று. அவர்கள் பயன்படுத்திய டிகிரி 1968ஆம் ஆண்டு வெப்பநிலை அளவுகோலின் டிகிரி. 1990இல் அளவுகோல் மாறியது. 20 டிகிரியில் இரண்டுக்கும் வித்தியாசம் 0.005 டிகிரி. வேகத்தில் 0.015 மீட்டர். சிரிக்காதீர்கள், அவர்கள் சொன்ன மொத்த ஐயப்பாடே அவ்வளவுதான்! இதற்காகவே பிலானியுக், வாங் இருவரும் 1993இல் சமன்பாட்டைப் புதிய அளவுகோலுக்கு மாற்றி வெளியிட்டார்கள். அந்தத் திருத்தக் கட்டுரைக்கும் 1996இல் ஒரு திருத்தம் வந்தது. 1997இல் மார்ச்சாக் வேறு அளவீடுகளையும் சேர்த்து ஒரு சமன்பாடு தந்தார், புதிய அளவுகோலில். தம்பிக்கு இது எதுவும் தேவையில்லை. அளவுக்கருவி தரப்படுத்தும் வேலையில் இருப்பவர்கள் இழைக்குள் வந்துவிட்டதால் எழுதினேன்.

மார்ச் 9, மாலை 4.40

கடற்கரைப் பக்கமிருந்து ஒரு கேள்வி: படகில் இருக்கும் எதிரொலி ஆழமானி 1500இல் நிலைப்படுத்தப்பட்டிருக்கிறது, அது தவறா?

மெக்கன்சி 1981இல் கடல்நீருக்கு ஒன்பது உறுப்புகளில் ஒரு சமன்பாடு கொடுத்தார், கையால் போடக்கூடியது. வங்கக் கடலின் மேல்நீர் 29 டிகிரி, உப்பு கிலோவுக்கு 33 கிராம் என்று வைத்தால் 1541 வருகிறது. உண்மையான ஆழம் 50 மீட்டர் என்றால் கருவி 48.7 காட்டும். இருப்பதைவிடக் குறைவாகக் காட்டுகிறது, படகு தட்டாது. இதே கருவியை 0 டிகிரிக் கடலுக்குக் கொண்டுபோனால் அங்கே வேகம் 1449. 48.3 மீட்டர் ஆழத்தை 50 என்று காட்டும். அங்கேதான் பயப்பட வேண்டும்.

1500ஐச் சோம்பேறி என்று முதல் நாள் திட்டினேன். ஆழமானிக்குள் இருக்கும்வரை அது உழைக்கிறது, ஏனென்றால் அங்கே அது 1500 என்று அறிவித்துவிட்டு இருக்கிறது. பாதியளவு திரும்பப் பெறுகிறேன்.

மார்ச் 9, இரவு 9.10

கடல்நீரில் ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. செனும் மில்லெரோவும் 1977இல் தந்த சமன்பாட்டை யுனெஸ்கோ 1983இல் தன் வழிமுறைத் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது. யுனெஸ்கோ முத்திரை இருந்தால் யார் கேள்வி கேட்பார்கள்? ஆனால் கடலுக்குள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஒலி அனுப்பி, வந்துசேரும் நேரத்தை அளந்தவர்களுக்குக் கணக்கு இடித்தது. ஸ்பீஸ்பெர்கரும் மெட்ஸ்கரும் 1991இல் எழுதினார்கள்: ஆழ்கடலில் செனும் மில்லெரோவும் சொல்வது கூடுதல், டெல் கிராசோ 1974இல் கடல்நீருக்குத் தந்த சமன்பாடே பொருந்துகிறது. வித்தியாசம் ஏறக்குறைய அரை மீட்டர். 3000 கிலோமீட்டர் போக 2000 வினாடி ஆகும், அதில் அரை மீட்டர் பிழை என்றால் முக்கால் வினாடிக்குச் சற்றுக் குறைவாக நேரம் மாறும். ஆய்வகக் கலத்தில் பிடிபடாதது கடலில் பிடிபட்டது. மில்லெரோவே 1994இல் லீயுடன் சேர்ந்து திருத்தம் வெளியிட்டார். அந்த மனுஷரை அதற்காகவே எனக்குப் பிடிக்கும்.

மார்ச் 10, காலை 6.50

குமிழிகள் பற்றிக் கேட்டவருக்கு: கரைந்த காற்று பெரிதாக ஒன்றும் செய்யாது, குமிழியாக நிற்கும் காற்றுதான் எமன். நீரின் கன அளவில் நூற்றில் ஒரு பங்கு குமிழி இருந்தால், குமிழியின் அதிர்வைவிட மிகக் குறைந்த அதிர்வெண்களுக்கு, வேகம் வினாடிக்கு 120 மீட்டர் அளவுக்கு விழும். நீரிலும் காற்றிலும் தனித்தனியாக ஒலி அதைவிட வேகமாகப் போகும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

வீட்டிலேயே கேட்கலாம். கண்ணாடிக் குவளையில் சுடுநீர் ஊற்றி, உடனடிக் காபித்தூளைப் போட்டுக் கலக்கி, கரண்டியால் அடியில் தட்டிக்கொண்டே இருங்கள். முதலில் தடித்த ஓசை, குமிழி மேலேறி வெளியேற வெளியேறச் சுருதி கூடிக்கொண்டே போகும். இன்று காலை செய்தேன். வீட்டில், 'காபி குடிக்கிறீர்களா, கச்சேரி செய்கிறீர்களா?' என்று கேட்டார்கள்.

மார்ச் 16, இரவு 10.20

தம்பி மறுபடி அளந்திருக்கிறார், இந்த முறை கலத்துக்குள்ளேயே வெப்பமானி. 34 டிகிரி, 1516. சமன்பாடு 1517.8. பதிவேட்டில் ஒப்பீட்டு மதிப்புக்குப் பக்கத்தில் வெப்பநிலையும் 'டெல் கிராசோ, மேடர், 1972' என்பதும் எழுதியிருக்கிறாராம். ஆசிரியர் படித்துவிட்டு, 'இது யார்?' என்று கேட்டாராம். அவ்வளவுதானாம். பழைய பக்கத்து 1.8 சதவீதம் அப்படியே இருக்கிறது.

மார்ச் 24, பகல் 1.30

ஊருக்கு வந்திருக்கிறேன். அம்மா வீட்டுப் பரணில் பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னால் பழைய செய்முறைப் பதிவேடு கிடைத்தது. கரையான் ஓரத்தை மட்டும் தின்றிருக்கிறது. எத்தனால் பக்கத்தில் 5.95 என்று மையில் இருக்கிறது. முதலில் பென்சிலில்தான் எழுதியிருந்தேன் போலும். வெயிலில் சாய்த்துப் பிடித்தால், மைக்கு அடியில், சரியாக அழியாத 5.66 தெரிகிறது.